என் பெயர் நாச இல்லை

1

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது ஆறு பேரை. பெற்றது நான்கு, நாத்தனார் செத்தபோது என் மடியில் வந்து விழுந்தது இரண்டு. ஆறு பேரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவசரத்தில்கூட ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு மாற்றிச் சொன்னதில்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு மருத்துவமனைக் காகிதத்தில், எனக்கு என் பெயரே அடையாளம் தெரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூருக்கு மகனோடு வந்து இந்த வாரத்தோடு பதினோரு வருடம் முடிகிறது. ஆலங்குடியில் நம் சங்கத்துப் பெண்கள் நடத்துகிற கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஜமீலா இரண்டு மாதமாகப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "பதினோரு வருசம் இருந்துட்டீங்க, நல்லதா நாலு சொல்லுங்கக்கா" என்றாள். லிப்ட் நிற்கிற விதம், தெருவில் குப்பை இல்லாத அழகு, பூங்காவில் சீனக் கிழவிகள் கை வீசி உடம்பு பழகுவது, எல்லாம் மனசில் கோத்து வைத்திருந்தேன். அதையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும். என்னிடம் இப்போது இருப்பது கோபம். அதை முதலில் இறக்கி வைக்கிறேன்.

மெதுவாகத்தான் எழுத வரும். நூறு பக்க நோட்டு, பெரிய எழுத்து, பக்கத்துக்கு எட்டு வரி. இடது கண்ணில் புரை மூடிவிட்டது. வலது கண்ணை மட்டும் வைத்து எழுதுகிறேன்.

2

என் மகன் செல்வத்துக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், பாலம் கட்டுகிறான் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவன் வாயால் சொன்னதுதான் அது. "என்னப்பா செய்யிற அங்கிட்டு?" என்று கேட்டபோது, "பாலம் கட்டுறேன் ஆத்தா" என்றான். நானும் ஆற்றுப் பாலம், ரயில் பாலம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை லீவில் போயிருந்தபோது பங்காளி ஒருவர் வீட்டுக்கே வந்து, "நம்ம கண்மாய்த் தண்ணி வழியிற கலுங்குக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பாலம். நீ ஒரு படம் போட்டுக் குடு தம்பி, கலெக்டர் ஆபீஸ்ல நாங்க பாத்துக்கிறோம்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். செல்வம் முழித்த முழியைப் பார்த்த பிறகுதான் இது மண்ணில் நிற்கிற பாலம் இல்லை என்பது எனக்கு விளங்கியது.

அவன் கட்டுகிற பாலம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இணையம் பார்க்கிறார்களே, பிரவுசர் என்கிற அந்தச் சன்னல், அதற்குள்ளே. அந்தச் சன்னலுக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்களாம். ஒருத்தன் எழுதிக் கொடுத்ததை வரி வரியாகப் பார்த்துச் செய்கிறவன். ஒரு வரியை மாற்றிச் சொன்னாலும் கேட்டுக்கொள்வான். ஆனால் கனமான வேலைக்கு இழுப்பான். இன்னொருத்தன், முழுவதையும் முன்கூட்டியே இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றி இறுக்கி வைக்கப்பட்டவன். காற்றாய்ப் பறப்பான். ஆனால் எண்ணைத் தவிர அவனுக்கு வேறொன்றும் புரியாது. இருவருக்கும் நடுவே சாமான் போக வர வழி செய்வதுதான் என் மகன் வேலை. அதனால் அது பாலம்.

இதெல்லாம் போன மாதம்தான் எனக்குத் தெரியும். அதுவரை நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

3

என் பெயர் நாச்சம்மை. என் அப்பத்தாவின் பெயர். ஐந்து எழுத்து: நா, ச், ச, ம், மை.

நாற்பது வயதுக்கு மேல்தான் இந்த ஐந்தையும் எழுதப் படித்தேன். அதற்கு முன் எனக்குக் கட்டைவிரல்தான். ஒரு ஆபீசில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், நான் கேட்காமலேயே என் விரலைப் பிடித்து மையில் அமுக்கிக் காகிதத்தில் உருட்டினான். ஆட்டுக்குக் காது பார்க்கிற மாதிரி பிடித்தான். பஸ்ஸில் ஆலங்குடி வந்து சேரும்வரை அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அந்த வருடம்தான் நம் பக்கத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு நடந்தது. எங்கள் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஜமீலா. வளையல் கடைக்காரர் மருமகள், புருசன் சவுதியில், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். கடலை உடைத்து விற்கிற வேலை முடிந்து, மத்தியானம் மூன்று மணிக்கு அவள் வீட்டுக் கொல்லையில் உட்காருவோம். முதல் வாரம் என் பெயரை நானே எழுதிக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி சிரிக்கிற?"

"அக்கா, நடுவுல 'ச்' விட்டுட்டீங்க. புள்ளி வச்ச ச். இப்ப என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா? நாசம்-மை."

கொல்லையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கவில்லை. சிலேட்டில் நூறு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளியைக் குச்சி உடைகிற அளவு அழுத்தி வைத்தேன். அடுத்த தடவை அதே ஆபீசுக்குப் போனபோது அவன் மைப்பெட்டியை எடுத்தான். "பேனாவக் குடுங்க" என்றேன். ஐந்து எழுத்தும் போட்டு, புள்ளி இரண்டும் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அதனால், என் பெயரில் ஒரு எழுத்து போனால் என்ன ஆகும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

4

கண் ஆபரேசனுக்கு நாள் குறிக்கப் போன அன்று நடந்தது இது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். செல்வத்துக்கு மீட்டிங், மருமகள் கவிதாவுக்கு வேலை. பழகின பஸ்தான், தனியாகவே போனேன்.

வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள், கண்ணாடிப் பலகை. வயசாளிகள் தங்கள் பாஷையிலேயே பெயரைத் தட்டலாம், அந்தப் பாஷையிலேயே கூப்பிடுவார்கள் என்றாள் அங்கே நின்ற தமிழ்ப் பெண். எனக்கு அவ்வளவு சந்தோசம். என் விரலால் தட்டினேன். பலகையில் ஐந்து எழுத்தும் வந்தது. புள்ளி இரண்டும் வந்தது. நாற்பத்தேழு என்று ஒரு சீட்டு வந்தது. மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

எதிரே சுவரில் பெரிய திரை. அதில் பெயர் வர வர ஆட்கள் எழுந்து போனார்கள். ஒரு தடவை இரண்டு சீனக் கிழவர்கள் ஒன்றாக எழுந்து, கதவருகே நின்று, நீயா நானா என்று வாய்ச்சண்டை போட்டார்கள். வேடிக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தமிழ்ப் பெண் சத்தமாக, "நாச! நாச!" என்றாள். எவளையோ திட்டுகிறாள் என்று நினைத்தேன். யார் அந்தப் பாவி என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் "நாச!" கடைசியில் நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"பாட்டி, நாற்பத்தேழு நீங்கதானே? கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம், எழுந்திரிக்க மாட்டேங்கிறீங்க."

"என்னன்னு கூப்பிட்டீங்க?"

"உங்க பேரைச் சொல்லித்தான்."

"எம் பேர யாரும் கூப்புடலையே ஆத்தா."

அவள் கையில் இருந்த காகிதத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கொட்டை எழுத்தில் 'நாச'. திரையிலும் அதேதான்.

"இது எம் பேரு இல்ல."

"நீங்கதானே பாட்டி தட்டினீங்க?"

"நான் தட்டுனது வேற. ஒரு மனுசி தனக்குத்தானே இப்புடி ஒரு பேரு வச்சுக்குவாளா? நீ தமிழ்ப் புள்ளதானே, வாசிச்சப்ப ஒனக்கு ஒண்ணும் தோணல?"

"ஷார்ட் நேம்னு நினைச்சேன் பாட்டி."

என் குரல் உயர்ந்தது. மறைக்கவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேர் முன்னால், "இது எம் பேரு இல்ல, எடுங்க அந்தத் தெரையில இருந்து" என்று சத்தம் போட்டேன். நர்ஸ் ஓடி வந்தாள். அவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நான் இந்த நாட்டில் தங்குவதற்கான பாஸை வாங்கிப் பார்த்தார்கள். அதில் இங்கிலீஷில் என் பெயர் சரியாகத்தான் இருந்தது. வாயால் கேட்டார்கள், சரியாகத்தான் சொன்னேன். அவர்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இந்தக் கிழவி வாயால் பெயர் சொல்கிறாள், தானே தட்டின பெயரை எழுத்தில் காட்டினால் தெரியவில்லை என்கிறாள், காரணம் இல்லாமல் கோபப்படுகிறாள்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார். சீக்கிரம் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். சம்மதப் படிவம் வந்தது. நான் பேனாவை எடுத்து மூடியைத் திறந்துவிட்டேன். நர்ஸ் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் என் கைக்கு அடியில் இருந்த காகிதத்தை மெதுவாக, மரியாதையாக, தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தத் தமிழ்ப் பெண் சொன்னாள்: "ஞாபகசக்தி டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு அப்புறம் பாக்கலாமாம் பாட்டி. கையெழுத்தை உங்க மகன் வந்து போடட்டுமாம்."

அன்றைக்கு என் விரலைப் பிடித்து அமுக்கினவன்மேல்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. அவன் எனக்கு எழுத்துத் தெரியாத காலத்தில் செய்தான்.

5

வீட்டில் என்னை நம்புவார்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். எனக்கு என் பெயரே தெரியவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தனுப்பிய காகிதத்தைச் செல்வம் இரண்டு தடவை படித்தான்.

"ஆத்தா, டாக்டர் எழுதுனா ஒரு காரணம் இருக்கும். டெஸ்ட்தானே, எடுத்துக்கிருவோம்."

"எம் பேர அறுத்துப்புட்டாகடா."

"கண்ணு சரியாத் தெரியாம இருந்திருக்கும்."

"கண்ணுதான் மூடியிருக்கு. புத்தி மூடல."

அவன் வாதம் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நோயாளியிடம் பேசுகிற மாதிரி, "சரி ஆத்தா, சரி" என்றான்.

மறுநாளிலிருந்து வீடு மாறிவிட்டது. "அடுப்பு வேலைய நான் பாத்துக்கிறேன் அத்தை" என்றாள் கவிதா. வீட்டுச் சாவியை என் பையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை. வீட்டு நம்பர், போன் நம்பர், எல்லாம் அதில் இருந்தது. கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற மாதிரி. அதைச் சாமி படத்துக்குப் பின்னால் போட்டுவிட்டேன். பதினோரு வருடமாகக் காலையில் தனியாகப் போய்க் கீரை வாங்கி, பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவள் நான். இப்போது யாராவது ஒருவர் கூட வந்தார்கள்.

பேத்தி நிலாவுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் தமிழ் ஒரு பாடம். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், பேச்சு பாதிக்குமேல் இங்கிலீஷ். அவளிடமும் சொல்லி வைத்திருந்தார்கள்போல. பள்ளி விட்டு வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் தொடங்கினாள்.

"அப்பத்தா, இன்னிக்கு என்ன கிழமை?"

"ஒனக்குத் தமிழ் டியூசன் இருக்குற கெழமை. அதுக்குப் போகாம எங்கிட்ட என்ன பேச்சு?"

"ஓகே ஓகே. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒங்கம்மா வச்ச சாம்பாரு. மறக்கத்தான் பாக்குறேன், விட மாட்டேங்குது."

அவள் சிரித்துவிட்டு, "அப்பத்தா இஸ் ஃபைன்" என்று உள்ளே கத்தினாள். அந்த வீட்டில் எனக்குச் சாதகமாக வந்த முதல் சர்டிபிகேட் அதுதான். யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

6

டெஸ்டுக்குச் செல்வமே கூட்டிப்போனான். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வட்டம் போட்டு மணி பத்தேகால் வரையச் சொன்னார்கள். வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். கடலைக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? அவர்கள் நிறுத்தச் சொன்ன பிறகும் இரண்டு படி இறங்கினேன். முடிவு சொல்லப் பல வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை என் கையெழுத்து கையெழுத்து இல்லை.

வெளியே வரும்போது வாசலில் அதே பலகை. கண் மங்கி எழுத்து சரியாகத் தெரியாதவளுக்குப் படம்தான் முதலில் கண்ணில் படும். பலகையின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு சின்னப் பாலம், இரண்டு வளைவு. எங்கோ பார்த்த படம். பக்கத்தில் நின்ற என் மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் போட்டிருந்த சட்டைப் பையின்மேல் அதே பாலம், அதே இரண்டு வளைவு.

வீட்டுக்கு வந்து, சோறு சாப்பிட்டு, அவன் மேசையில் கம்ப்யூட்டரைத் திறக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"தம்பி, ஒன் சட்டையில இருக்குற பாலம் எதுக்கு அங்க அந்தப் பலகையில இருக்கு?"

"அது எங்க கம்பெனிச் சின்னம் ஆத்தா. பேரு எழுதிக் காட்டுறது எங்க ப்ரோக்ராம்தான். ரெண்டு மாசமா அங்க ஓடுது."

"அதுல நீ என்ன செஞ்ச?"

"நான்..." என்று நிறுத்தினான். "பாலம்தான் ஆத்தா. எழுத்த அழகா வரைஞ்சு காட்டுற பழைய ப்ரோக்ராம் ஒண்ணு இருக்கு. அதை பிரவுசருக்குள்ள கொண்டு வந்தோம். அங்கிட்டும் இங்கிட்டும் பேரு போறதுக்கு நான்தான் எழுதினேன்."

"அதை இங்கிட்டுத் தெற."

"இப்ப எதுக்கு ஆத்தா?"

"எம் பேர ஏத்தணும்."

திறந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் விரலாலேயே தட்டினேன். மேலே கட்டத்துக்குள் நாச்சம்மை என்று முழுதாக நின்றது. கீழே இருந்த பொத்தானை அமுக்கினேன். பெரிய எழுத்தில் வந்தது.

நாச.

கவிதா கரண்டியோடு வந்து நின்றாள். நிலா முதலில் சிரித்தாள், அப்பா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். செல்வம் மறுபடி தட்டினான். நாச. தன் பெயரைத் தட்டினான். 'செ' வந்து, அதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு டைமண்ட், அதன் வயிற்றில் கேள்விக்குறி. நிலாவைத் தட்டினான். 'ந', பக்கத்தில் கேள்விக்குறி. செத்துப்போன அவன் அப்பா கருப்பையாவைத் தட்டினான். 'கரு' என்று மட்டும் நின்றது.

7

அவன் சொன்னதை என் புத்திக்கு எட்டின அளவில் எழுதுகிறேன்.

அந்தப் பாலத்தில் எழுத்து போகாதாம். எண் மட்டும்தான் போகுமாம். அதனால் இந்தப் பக்கத்துக்காரன் பெயரைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்துக்காரனின் குதிரில், நெல் சேர்த்துவைக்கிற மாதிரி, கொட்டிவிட்டு, இரண்டு எண்ணை மட்டும் பாலத்தில் அனுப்புவான். எந்த இடத்தில் கொட்டியிருக்கிறது, எவ்வளவு கொட்டியிருக்கிறது. அவ்வளவுதான் பேச்சு.

என் பெயர் எனக்கு ஐந்து. இந்தப் பக்கத்துக்காரன் அதை ஒன்பதாக எண்ணுவான்: ந, கால், ச, புள்ளி, ச, ம, புள்ளி, ம, ஐகாரக் கொம்பு. அந்தப் பக்கத்துக் குதிரில் இந்த ஒன்பதும் ஒவ்வொன்றும் மூன்று இடம் பிடிக்கும். ஆக இருபத்தேழு. இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரே இடம் போதும். என் மகன் எவ்வளவு என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்பது என்று எழுதிவிட்டான். அந்தப் பக்கத்துக்காரன் ஒன்பது இடத்தை மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டான். ந, கால், ச. முடிந்தது.

கடலை விற்ற எனக்கு இது புரியாதா? இவன் மரக்கால் கணக்கில், படியைவிடப் பெரிய அளவில், ஒன்பது என்று சொல்லியனுப்பினான். அங்கிட்டு இருந்தவன் ஒன்பது படி அளந்துகொண்டு மூட்டையைக் கட்டிவிட்டான். அளந்தவன்மேல் குற்றமே இல்லை. என்ன அளவு என்று சொல்லாமல் அனுப்பினவன்மேல்தான் குற்றம்.

செல்வம், நிலா பெயர்கள் நடு எழுத்தில் அறுபட்டதால் அங்கே கேள்விக்குறி விழுந்தது. பார்க்கிறவனுக்குச் சந்தேகமாவது வரும். என் பெயர், அவன் அப்பா பெயரைப் போலவே, மூன்றால் சரியாக வகுபட்டுச் சுத்தமாக அறுந்தது. அதனால் அதுதான் என் பெயர் என்று எல்லோரும் நம்பினார்கள். சீனர்களுக்கு முதல் எழுத்தோடு நின்றுபோனது. அது அவர்கள் குடும்பப் பெயராம். அதனால் எழுந்து போனார்கள். ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் இரண்டு பேராக எழுந்து சண்டை போட்டார்கள். அதையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நான் கேட்டேன். "கட்டி முடிச்சதும் யாரு பேரப் போட்டுப் பாத்த?"

"சும்மா... ஜான், மேரி. அப்புறம் ஏ பி சி டி."

"தமிழ்ல?"

அவன் நிமிரவில்லை. "தமிழும் பாத்தாச்சான்னு ஒரு கட்டம் இருந்துச்சு. டிக் பண்ணிட்டேன் ஆத்தா."

"பாக்காமலா?"

"பாலத்துக்கு எந்த பாஷையும் ஒண்ணுதான்னு நினைச்சேன்."

"ஒரு பேரு போட்டுப் பாக்கணும்னா, ஒன்னப் பெத்தவ பேரு ஒனக்கு ஞாபகம் வரல. இப்பச் சொல்லு, யாருக்குடா மறதி?"

கவிதா உள்ளே போய்விட்டாள். நிலா என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன். அது தப்புத்தான். அந்தக் கோபம் அவளுக்கு உரியதில்லை.

8

ஒரே ஒரு வரியை மாற்றினான். பத்து நிமிசம் ஆகவில்லை. ஐந்து எழுத்தும் பெரியதாக வந்தது. "பாருங்க ஆத்தா, சரியாயிருச்சு. நாளைக்கு அங்கயும் சரியாயிரும்" என்றான். அத்தோடு நான் எழுந்து போய்விடுவேன் என்று நினைத்தான்போல.

"அந்தக் காகிதம்?"

மறுநாள் போன் செய்து கேட்டான். எழுதின குறிப்பை அழிக்க முடியாதாம், அது விதி. இன்னொரு காகிதம் கொடுத்தால் அதன் பின்னால் வைப்பார்களாம். அதில் நடந்தது இன்னதென்று பொறுப்பானவர் எழுதித் தந்தால், டெஸ்ட் முடிவு வரும்வரை காத்திராமல் என் கையெழுத்தையே வாங்கிக்கொள்வது பற்றி யோசிப்பார்களாம்.

"எழுதிக் குடு" என்றேன்.

"கம்பெனியில, தொழில்நுட்பக் கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க, ஆள் பேரு வேண்டாம்னுட்டாங்க ஆத்தா. நான் எழுதினா எம் பேரு வரும்."

"வரட்டும். முழுசா வரட்டும். ஒன் பேர அறுக்கச் சொல்லல நான்."

"வேலைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"எங் கண்ணுக்கு ஏதாச்சும் ஆனா?"

அவன் கையெழுத்தில் அந்த ஆபரேசன் நடக்காது என்று சொல்லிவிட்டேன். என் கண், என் கை. அது முடியாது என்றால் இரண்டு கண்ணும் மூடட்டும். வீம்புதான். வீம்பு இல்லாமல் ஆறு பேரை வளர்த்திருக்க முடியாது. நான்கு நாள் அவனோடு பேச்சை நிறுத்தினேன். சோற்றைப் போட்டுக்கொண்டு என் அறைக்குப் போனேன். ஐந்தாம் நாள் காலையில் கதவைத் தட்டி, ஒரு காகிதத்தை நீட்டினான். இங்கிலீஷில் ஒரு பக்கம், நான் வாசிக்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம். தட்டி அச்செடுத்தது.

பூதக்கண்ணாடியை எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். என் தாயார் தன் பெயரைச் சரியாகவே அடையாளம் கண்டார். திரையில் வந்தது அவர் பெயர் இல்லை. அவர் கோபப்பட்டது சரி. தவறு நான் எழுதிய பாலத்தில் இருந்தது. தமிழில் ஒரு பெயரைக்கூடச் சோதித்துப் பார்க்காமல், பார்த்ததாகக் குறித்தது நான்தான்.

நன்றாகத்தான் எழுதியிருந்தான். அரை மணி நேரம் ஆயிற்று எனக்கு. அவன் நின்றுகொண்டே இருந்தான். கடைசி வரியில், இப்படிக்குச் செல்வம், திருமதி நாசம்மை அவர்களின் மகன்.

"தம்பி, இங்க வா."

"என்ன ஆத்தா?"

"எம் பேரு எத்தன எழுத்து?"

அவன் குனிந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. "இங்கிலீஷ்ல தட்டினா அதுவே தமிழ்ல போடும் ஆத்தா. கீபோர்டு போட்டது. நான் கவனிக்கல."

"பாலம் முடிஞ்சுபோச்சு, இப்பக் கீபோர்டா?"

ஜமீலா, முப்பது வருடத்துக்கு முன்னால் உன் கொல்லையில் நீ சிரித்தது அந்த நேரத்தில் என் காதில் கேட்டது. நான் விட்ட அதே எழுத்து. எழுதத் தெரியாதவள் விட்டதற்கும், எழுதத் தெரிந்தவன் விட்டதற்கும் வித்தியாசம் இல்லையா? நான் அன்றைக்கு நூறு தடவை எழுதினேன். என் மகன், "சரி பண்ணிட்டு வேற பிரிண்ட் எடுத்துட்டு வாரேன்" என்றான்.

"வேண்டாம். உக்காரு."

என் பேனாவைக் கொடுத்தேன். அச்சுப் பெயரை அடிக்கச் சொல்லி, அதன் மேலே கையால் எழுதச் சொன்னேன். நாற்பத்தாறு வயது ஆள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மெதுவாக எழுதினான். நா. ச. கொஞ்சம் நின்றான். பிறகு புள்ளியை வைத்தான். அழுத்தித்தான் வைத்தான், மறுபக்கம் தெரிகிற அளவுக்கு. எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. நானும் ஆறுதல் சொல்லவில்லை.

காகிதம் போய்ச் சேர்ந்தது. வருகிற வியாழக்கிழமை இடது கண்ணுக்கு ஆபரேசன். சம்மதப் படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன், அந்தத் தமிழ்ப் பெண் பக்கத்தில் நிற்க. "பாட்டி, ஸாரி" என்றாள். "அடுத்த தடவ வாசிக்கிறப்ப அர்த்தத்தையும் வாசி ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். பழைய குறிப்பு அப்படியேதான் இருக்கிறது. முதல் பக்கத்தில் எனக்கு என் பெயர் தெரியாது. அடுத்த பக்கத்தில் தெரியும். எதிர்காலத்தில் எந்த டாக்டர் அந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். அந்தக் கோபம் எனக்கு இறங்கவில்லை. இறங்கும் என்று சொல்லி இதை முடிக்க மாட்டேன்.

செல்வம் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். ஆபீசில் என்ன ஆகும் என்று அவனும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. சாவி மறுபடி என் பையில் இருக்கிறது. அதை அவனே போட்டான்.

இத்தோடு நோட்டில் முப்பத்தெட்டுப் பக்கம் ஆயிற்று. நிலா இதைத் தட்டி ஜமீலாவுக்கு அனுப்புகிறேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். தட்டினால் இது எந்தப் பாலத்தில் ஏறி, எந்தக் குதிரில் விழுந்து, எப்படி வெளியே வருமோ தெரியாது.

நிலா, இங்கிட்டு வா. தட்டுறது அப்புறம். மொதல்ல என் நோட்டப் பாத்து சத்தமா வாசி, மொத வரியில இருந்து. தட்டி முடிச்ச பெறகு அதையும் ஒரு தடவ வாசி. எம் பேரு வர்ற எடத்துல எல்லாம் நின்னு, ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுச் சொல்லு, நான் எண்ணுறேன். அஞ்சும் வந்தாத்தான் அனுப்பணும்.